வண்டிவூடு இன்னும் ஒழுகுதுங்க

அன்புள்ள என்னங்க,

உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கடிதத்திலும் வரமாட்டேன் என்கிறது. இப்படியே இருக்கட்டும். நம்ம ஊரில் மழை பிடித்துக்கொண்டது. வானம் கறுத்தாலே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடம்பு கட்டிலில் கிடக்கிறது, மனசு வாசலில் நிற்கிற வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

வேப்பூரில் பஸ்ஸிலிருந்து விழுந்து முதுகெலும்பு போனதிலிருந்து எனக்குப் படுக்கை ஒன்றுதான். காரில் மடக்கிப் போட்டு என்னைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு வழியெல்லாம் நான் அழுததைக் கேட்டீர்கள். அதற்கப்புறம் தேடிப் பிடித்ததுதான் அந்த வேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிவந்து புதுச்சேரியில் ஒரு ஷெட்டில் விட்டுப்போனது. உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூசு. பீங்கான் பட்டறையில் சூளை பார்க்கிறவனுக்கு எதுக்கு இது என்று கேட்டார்கள். என்னைத் தூக்கி அந்தக் கட்டிலில் நீட்டிப் படுக்க வைத்தீர்கள். தெருவே அதற்கு வண்டிவூடு என்று பேர் வைத்தது.

ஒழுகல் மட்டும்தான் உங்களுக்கு அடங்கவில்லை. தலைமாட்டில் சொட்டும். நீங்கள் மேலே ஏறி அதே இடத்துக்கு நேராகத் தார் பூசுவீர்கள். அடுத்த மழைக்கு மறுபடி சொட்டும். பங்குனியில் ஒரு நாள் டீ குடிக்கப் போன இடத்தில், பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டீர்கள். தார் டப்பா ஏணிக்குக் கீழே அப்படியே இருந்தது.

அதன் பிறகு நான் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. முதுகில் புண் வந்துவிட்டது. உங்கள் தங்கச்சி கஸ்தூரி கப்பு சாசருக்கு மெருகு பூசுகிற வேலையை முடித்துவிட்டு வந்து, தினமும் துடைத்து மருந்து போடுகிறாள். ஒரு நாள் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வண்டிய எடைக்குப் போட்டுடலாம் அண்ணி. அண்ணனே இல்ல. இந்தத் தகரத்த வச்சிக்கிட்டு என்ன பண்றது?"

"நான் எதுல ஆஸ்பத்திரிக்குப் போறது?"

மறுநாள் மங்கலம்பேட்டையிலிருந்து காதர் பாயைக் கூட்டிவந்தாள். வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். பேட்டரியை மாற்றி, வண்டியைக் கிளப்பி, தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார்.

"இஞ்சின் நல்லா இருக்குதும்மா. ஆனா மழையில போனா நீங்க நனைஞ்சிதான் போவணும். புண்ணு இருக்கற ஒடம்பு."

அப்போதுதான் எனக்கு ஒரு ரோஷம் வந்தது. அந்தக் கூரையை என் அளவுக்குப் பார்த்தவர் யார்? மல்லாந்து கிடக்கிற எனக்கு வேறு என்ன காட்சி? என்னை உள்ளே படுக்க வையுங்கள் என்றேன். காதர் பாயும் கஸ்தூரியும் பெட்ஷீட்டோடு தூக்கிப் போய்க் கிடத்தினார்கள். மெத்தையில் பூஞ்சை நாத்தம். ஜன்னலோரப் பலகையை விரலால் அழுத்தினால் ஊறின ரஸ்க்கு மாதிரி உள்ளே போனது.

கஸ்தூரி ஏணியில் ஏறினாள். முதலில் கூரையின் பின்பக்கம் மட்டும், என் தலைக்கு நேராக, குடம் குடமாக ஊற்றச் சொன்னேன். ஒரு சொட்டு இல்லை. நடுவில் ஊற்றினாள். இல்லை. முன்பக்கம், டிரைவர் தலைக்கு மேலே ஊற்றினாள். காத்திருந்தேன். அவள் ஏணியை மடக்கப் போன நேரத்தில் என் நெற்றியில் விழுந்தது.

"கஸ்தூரி, முன்னாடிதான். தண்ணி உள்ளயே ஓடி வந்து இங்க சொட்டுது."

ஏங்க, அத்தனை மழையிலும் நீங்கள் என் தலைக்கு மேலேயே தேடினீர்களே. என் தலை நனைகிறது என்கிற ஒன்றுதான் உங்கள் கண்ணில் பட்டதோ?

காதர் பாய் பட்டறையிலிருந்து ஒரு ஊதுகாத்து மெஷினை வாங்கிவந்து, ஜன்னலில் அட்டை வைத்து அடைத்து, வண்டிக்குள் காற்றை ஏற்றினார். வெளியே கஸ்தூரி தார் இல்லாத இடத்திலெல்லாம் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணி பூசினாள். ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை முட்டை விடும். முன் கூரை ஓரத்துத் தகரப் பட்டியில் திருகாணி வரிசை முழுக்கப் பொங்கியது. அதற்குப் பக்கத்தில், உள்ளே காற்று வரக் கூரையில் வைத்த காற்றுப்போக்கி மூடியைச் சுற்றியும் பொங்கியது. ஆனால் அந்த மூடியின் பாதி, முன்பக்கம்வரை வழிந்துவந்த உங்கள் தாருக்குக் கீழே இருந்தது. கஸ்தூரி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"அண்ணன் கை பட்டது அண்ணி."

"சொரண்டு" என்றேன். கோபமா உங்களுக்கு? தகரம் தெரிகிறவரைக்கும் சுரண்டினாள். ஒவ்வொரு சத்தமும் உள்ளே எனக்குக் கேட்டது.

கார் கண்ணாடி மாட்டுகிற கடையில் கறுப்பாக ஒரு பசை டேப்பு கிடைத்தது. பட்டியையும் மூடியையும் கழற்றி, கீழே டேப்பு ஒட்டி, புதுத் திருகாணி போட்டு இறுக்கினார்கள். உளுத்த பலகையை மாற்றினோம். வெயில் அடித்த நாளெல்லாம் கதவைத் திறந்து போட்டோம்.

நேற்று புதுச்சேரி போனோம். நெய்வேலி தாண்டும்போதே கொட்டத் தொடங்கிவிட்டது. கூரையில் சரமாரியாகச் சத்தம். நெற்றியில் எப்போது விழும் என்று கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடலூர் வந்தது. விழவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த கஸ்தூரிதான் தோளைத் துடைத்துக்கொண்டு, "இங்க ஒண்ணு இருக்குது அண்ணி" என்றாள். நீங்கள் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

டாக்டர், "கூட யாரு வந்திருக்கீங்க, விவரம் சொல்லுங்க" என்றார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் நானே சொன்னேன். புண் ஆறிவிடும், ஆனால் இனிமேல் தவறாமல் வரணும் என்றார்.

கதவோரத்து ஓட்டையை இந்த மழைக்குள் கண்டுபிடித்து அடைத்துவிடுவேன். அப்புறம் ஒரு பயணம், ஆஸ்பத்திரிப் பக்கமே இல்லாமல். திட்டக்குடியில் என் அக்கா வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறேன். விழுந்ததிலிருந்து நான் அந்த ஊர்ப்பக்கம் போகவில்லை. கல்யாணச் சாப்பாடா, கருமாதிச் சாப்பாடா, எது நடந்தாலும் இனி என்னை விட்டுவிட்டு நடக்காது. இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

போயிட்டு வரேங்க.

உங்கள் வூட்டுக்காரி,
கஸ்தூரிக்கு அண்ணி