பொழி வெட்டிய மழைக்காலம்

1931 ஜூன் 9, செவ்வாய்
மழை விடவில்லை. துணி ஒன்றும் காயவில்லை. என் வீட்டுக்காரர் யாக்கூப்பின் சட்டை அடுப்புக்கு மேல் தொங்குகிறது. நாளைக்குக் கயிற்றுக்கடையில் புகை வாடையோடு உட்கார்ந்திருப்பார். தேங்காப்பட்டணத்தில் இப்போது எல்லாருக்கும் அந்த வாடைதான்.

ஜூன் 10
ஆற்றின் வாயைக் கடல்மணல் அடைத்துக் கிடக்கிறது. அந்த மணல்திட்டை வெட்டி வழிவிட்டால்தான் வெள்ளம் கடலுக்குப் போகும். பொழி வெட்டுவது என்பார்கள்.

வயல்காரர் ராஜையன் முன்வாசலில் நின்று இவரிடம் சொன்னார்: "மொதலாளி, பொழி வெட்டலேன்னா நாத்து அம்புட்டும் அழுவிப்போவும்."

பின்வாசலில் மீன்காரி பிரகாசி: "போன வருசம் சொல்லாம வந்து வெட்டி, திட்டு மேல இருந்த எங்க ரெண்டு குடிலக் கடலுக்கு அனுப்புனாவ. இப்ப எங்க ஆளுவ துடுப்போட காவல் நிக்காவ அக்கா."

ஒரே வீட்டின் இரண்டு வாசலிலும் பயம். நான் நடுவில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 11
மணல்திட்டில் இரு தரப்புக்கும் அடிதடி. பிரகாசியின் புருஷன் சூசைக்கு மண்டையில் காயம். ரத்தம் நிற்கவே இல்லையாம். யா அல்லா, நாத்துக்காவ ஆளக் கொல்லுவாவளா?

இவரிடம் கேட்டுவிட்டேன்: "நம்ம கயித்துக் கிட்டங்கி பாதி காலியாத்தானே கெடக்கு? குடில்காரங்க சாமானையெல்லாம் அதுல வைக்கச் சொல்லுங்க. பொறவு வெட்டட்டுமே."

"கயிறெல்லாம் மீன் நாறும், ஏட்டி!"

"நாறட்டும். வெயில்ல காயப்போடலாம்."

பிறகு குடையையும் கிட்டங்கிச் சாவியையும் எடுத்துக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் இறங்கிப் போனார்.

ஜூன் 12, வெள்ளி
நேற்று இவர் முதலில் சூசையிடம் போயிருக்கிறார். அப்புறம் ராஜையனிடம். இரண்டு இடத்திலும் வசவு வாங்கிக்கொண்டு, கடைசியில் இருவரையும் கிட்டங்கியில் உட்காரவைத்துவிட்டார்.

காலையிலேயே வயல்காரர்கள் குடில்காரர்களின் வலை, பானை, கோழி எல்லாவற்றையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். நேற்று மண்வெட்டியை ஓங்கிய ஆள் இன்று பிரகாசியின் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்! அது அவனைக் கொத்தியது. பிரகாசி விலக்கிவிடவில்லை.

குடில்களை விட்டுத் தள்ளி வெட்ட வேண்டும் என்றாராம் சூசை. கூடுதல் வேலைதான். ராஜையன் சம்மதித்துவிட்டார். இரு தரப்பாரும் எங்கள் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வெட்டினார்கள். மாடி ஜன்னலில் எனக்குத் தலைகள்தான் தெரிந்தன. யார் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

திடீரென்று ஒரு கூச்சல். தண்ணீர் உடைத்துக்கொண்டு ஓடியது. தள்ளி வெட்டியும் ஒரு குடில் போனது, சூசையுடையது. உள்ளே ஆளும் இல்லை, சட்டியும் இல்லை. பிரகாசி கொஞ்சம் அழுதாள். கஞ்சி கொடுத்தேன். உப்பு போதாது என்றாள்.

ஜூன் 15
ராஜையன் ஆட்கள் ஓலையும் மூங்கிலும் கொண்டுவந்து சூசைக்குக் குடில் கட்டுகிறார்கள். அவர் தலைக்கட்டோடு உட்கார்ந்து, "கூர சரிஞ்சிருக்குவே" என்று குற்றம் சொல்கிறாராம்.

கயிறு நாறத்தான் செய்கிறது.

1932 ஜூன் 18, சனி
மழை பிடித்ததுமே சூசை, ராஜையன் வீட்டுக்குப் போய் நாள் பேசிவிட்டு வந்தாராம். இன்று காலை கிட்டங்கி நிறையச் சாமான். கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன். எழுந்து ஜன்னலைத் திறந்தால் ஆறு வடிந்து கிடக்கிறது.

"எப்ப வெட்டினாவ?" என்று இவரைக் கேட்டேன்.

"அப்பமே."

ஒரு சத்தமும் கேட்கவில்லையே!