திரும்பிப் பார்க்காமல் அடித்த தப்பு

தெமோதரை, மாசி 12, இரவு.

இன்று சாயங்காலம் மாரியம்மன் திருவிழாவில் முதன்முறையாகத் தப்படித்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் சனம் முழுக்கக் கூடியிருந்தது. என் கை நடுங்கியது. பனியில் தப்பின் தோலும் தொய்ந்துபோனது. நல்லதாய்ப் போயிற்று என்று கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காய்ந்த புல்லைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினேன். தோல் இறுகியதா என்று தட்டிப் பார்த்தேன். இறுகிய பிறகும் எழுந்திருக்க மனம் வராமல் தட்டிக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை.

என் மனைவி செல்லாயி வந்து குனிந்தாள்.

"எப்ப ஆரம்பிப்பேன்னு கேக்குறாங்களா?" என்றேன்.

"நல்லாருக்கு! பொம்பளைங்க கும்மியடிக்க ஆரம்பிச்சு எம்புட்டு நேரமாச்சு. திரும்பிப் பாருங்க."

என் அடிக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினால் அவர்கள் கால் தடுமாறும். நிறுத்தாமலே எழுந்து திரும்பினேன்.

இப்போதும் எழுத்து கோணுகிறது. பயமில்லை, கை வலி.