படங்களின் பின்பக்கம்

ஐப்பசி, வியாழக்கிழமை

இன்று மேபல் டீச்சர் கேலரிக்கு வந்தார். போன வருஷம் இறந்துபோன ஓவியர் சாரின் மனைவி. சார் வரைந்த படங்கள், புத்தக அட்டைகள், கல்யாணக் கார்டுகள் எல்லாவற்றையும் எங்களிடம் ஒப்படைத்தவர். மூன்று மாதமாக நான்தான் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து ஸ்கேன் எடுக்கிறேன்.

ஒரு படத்தைக் கையில் வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். வெறும் வெள்ளை. இன்னொன்றையும் திருப்பினார்.

"பின்னால பென்சில்ல எழுதியிருக்குமே மக்கா? தொண்டையில ஆபரேஷன் ஆனப்புறம் சார் எங்கிட்ட பேசுனது எல்லாம் இதுலதான்."

கிறுக்கல் என்று நினைத்து ரப்பர் போட்டு அழித்தது நான். ஒன்றுவிடாமல்.

"அது வேற கட்டுல இருக்கு டீச்சர். திங்கக்கிழமை எடுத்து வைக்கேன்."

நம்பிவிட்டார். என் கையைப் பிடித்துவிட்டு பூதப்பாண்டி பஸ் ஏறப் போனார்.

எந்தக் கட்டு? ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. திங்கட்கிழமை என்ன சொல்வேன்?

அத்தனையிலும் நான் வாசித்துவிட்டு அழித்தது ஒரே ஒரு வரி. அன்றைக்குச் சிரிப்புகூட வந்தது.

"ஏட்டி, லைட்ட அணைக்காத. இன்னும் கொஞ்சம் பேசணும்."