துண்டுக்கு அடியில் இருந்த கை

கண்ணுக்கு மறைந்தும் கையை விடாத என் தங்கை ராமாயிக்கு,

கரும்பாலை ஓடத் தொடங்கிவிட்டது. மண்டியில் வெல்லம் வந்து இறங்குகிறது. ஜேடர்பாளையத்து பஸ் இப்போது உன் பள்ளிக்கூட வேப்பமரத்தடியிலேயே நிற்கிறது. உன் நாளில் அதற்காக வாய்க்கால் மேட்டில் எவ்வளவு தூரம் நடந்திருப்பாய்!

இதைச் சொல்லவா காகிதம் எடுத்தேன்? இல்லை. நீ போன பிறகு பள்ளிக்கூடத்தில் நடந்ததை இதுவரை யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. உனக்குச் சொல்லலாம். பேரத்தில் நீயும் ஒரு கை. மற்றவர்கள் எட்டிப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்றைக்கு வெல்ல மண்டி வைத்திருந்தாலும் நான் மாட்டுத் தரகனாக ஆரம்பித்தவன். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவோம். வாய் பேசாது. முழுக் கையையும் இறுக்கிப் பிடித்தால் பேரம் முடிந்தது. உள்ளே நடந்ததை மூன்றாம் ஆளுக்குச் சொல்லக் கூடாது. இதையெல்லாம் ஒருநாள் சோறு தின்றுகொண்டே உன்னிடம் சொன்னேன். சின்ன வயதில் தாலியறுத்து வந்த உன்னை டீச்சர் படிப்புக்கு அனுப்பியதற்கு ஊர் என்னைக் கேலி பேசுவது இன்னும் ஓயாத காலம்; நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. நீ சோற்றை மறந்து என்னையே பார்த்தாய்.

“அண்ணா, புள்ளைங்க புஸ்தகத்துச் சொல்ல மாத்திரையாட்ட முழுங்குதுங்க. மெல்லறதே இல்ல. உன்ற துண்டு ஒண்ணு குடு” என்றாய்.

நான் கொடுத்தது அந்தச் சிவப்புக் கரைத் துண்டுதான். அதற்கடியில் ஒருநாள் சங்கு இருக்கும், ஒருநாள் ஈரக் களிமண், ஒருநாள் பனம்பழம். ஒரு பிள்ளை கையை விட்டுத் தடவிப் பார்த்து, பெயரைச் சொல்லாமல், அது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். பெயரை மற்ற பிள்ளைகள் சொல்வார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சங்கதி ஒன்றில் அந்தச் சொல்லை வைத்துப் பேச வேண்டும். சில நாள் அதை விட்டுவிடுவாய். பிள்ளைகளுக்கு மறக்கப் போகிறது என்று தோன்றும்போது அதே பொருளை மறுபடி துண்டுக்குள் வைப்பாய். பசி, பொறுமை மாதிரி கையில் பிடிக்க முடியாத சொல் என்றால் வெறுந்துண்டை விரித்து, உள்ளே கையை வைத்து யோசிக்கச் சொல்வாய். வருஷத்தின் முதல் பாடத்துக்கு மட்டும் உன் கையையே உள்ளே வைப்பாய். முதல் சொல், கை.

அது பலித்ததா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் மண்டியில் உன் வகுப்புப் பொடிசு ஒன்று என் வெல்லத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மேல மொறமொறப்பு, உள்ள பிசுபிசுப்புங்க. ஈரம் கோத்துருக்குது” என்று கரூர் வியாபாரி காதில் விழும்படி சொன்னது. அன்றைக்கு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. அந்த வியாபாரியும் போய்விட்டான்.

மாசி மாதத்துக் காய்ச்சலில் நீ போனாய். ஆனியில் உன் இடத்துக்கு அந்தோணி சார் வந்தார். சேலத்துக்காரர், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற மனுஷர், நல்லவர். சொல்லையும் பொருளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொல்வார். பிள்ளைகளும் ஒப்பித்தார்கள்.

ஒருநாள் உச்சி வெயிலில் அவர் மண்டிக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. மத்தியானச் சோறு ஆனதும் பிள்ளைகள் துண்டை விரித்து வட்டமாக உட்காருகிறார்களாம். அடியில் எதுவும் இல்லையாம். ஒரு பிள்ளை கையை விட்டு, ஜில்லென்று இருக்கிறது, விரல் நுனியில் சுண்ணாம்புத் தூள், சுண்டுவிரல் கோணல் என்று சொல்கிறதாம். மற்றவர்கள் கூடிச் சொல்கிறார்களாம், “கை.”

முதல் பாடத்தை நினைத்து விளையாடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“சுண்டுவெரல் கோணல்னு சொன்னது பூவாயிங்க” என்றார்.

பூவாயியின் அப்பன் கரும்பாலை வேலைக்குச் சேந்தமங்கலத்திலிருந்து குடும்பத்தோடு வந்தது ஆனியில். அந்தக் குழந்தை உன்னைப் பார்த்ததே இல்லை. பாறையில் விழுந்து உன் சுண்டுவிரல் கோணியதை அவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? ஏதோ ஒரு பிள்ளை சொல்லியிருக்கும். அப்படித்தான் நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஊருக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பிள்ளைகளை நிறுத்த ஆரம்பித்தார்கள். பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. தலை குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்று அந்தோணி சார் சொன்னார். துண்டை எரித்து, பூசாரியை வைத்து ஆவி வராமல் கட்டு கட்ட வேண்டும் என்று ஊரில் பேச்சு. எரித்துவிட்டால், உள்ளே ஏதோ இருந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

“நான் கைய உட்டுப் பாக்கறனுங்க. ஆயுசு முச்சூடும் துண்டுக்குள்ள கைய உட்டவன் நானு. எந்தக் கையும் என்னய ஏமாத்துனதில்ல” என்றேன். ஊர்க்காரர்கள் மறுநாளைக்கு நேரம் குறித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ஊரே வாசலில் நின்றது. வேம்பில் ஓர் இலைகூட ஆடவில்லை. துண்டு தரையில் தட்டையாகக் கிடந்தது. நான் உட்கார்ந்து கையை விட்டேன்.

முதலில் மண். வெறும் மண்தான். கையை வெளியே எடுக்கப் போனேன்.

அப்போது, விலை கேட்கிறவன் பிடிப்பானே, அப்படி என் விரல் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. துண்டு மேலெழவில்லை, ராமாயி. அதைத்தான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் கை இருந்த இடம் மட்டும்தான் புடைத்திருந்தது.

பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். “சொல்லுங்க தாத்தா, எப்பிடி இருக்குது?” என்றது ஒன்று. பெயரைச் சொல்லக் கூடாதே! சந்தையில் விரலாலேயே பேசிய நான் இப்போது வாயால் சொல்ல வேண்டியிருந்தது. தேடித் தேடிச் சொன்னேன்.

“ஜில்லுனு இருந்துது. இப்ப சூடாவுது. வழவழப்பும் இல்ல, சொரசொரப்பும் இல்ல. புடிச்சா உடாது.”

கை என்று கத்துவார்கள் என்று காத்திருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவாயி மட்டும் துண்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணா.”

எப்போதும் என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிற குழந்தை. அந்தோணி சார் சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்கும் எனக்கும்தான் அது கேட்டிருக்க வேண்டும்.

நீ என்ன கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தை மூட விடாதே என்கிறாய். முழுக் கையையும் இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பிடி விட்டுப் போயிற்று.

எழுந்து வாசலுக்கு வந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எல்லோரும் கேட்டார்கள்.

“துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்றது யாவாரத்துல இல்லீங்க. பேரம் முடிஞ்சுது. நாளைக்கு என்ற பேத்தி செவந்தி இங்க வந்து உக்காருவா. உங்க புள்ளைங்கள அனுப்பறது உங்க இஷ்டமுங்க” என்றேன்.

பொய் சொல்லவில்லை, பார்த்தாயா? செவந்தியைக் கண்டதும் ஒவ்வொரு பிள்ளையாகத் திரும்பி வந்தது. இப்போது அந்தோணி சாரே துண்டுக்கு அடியில் பொருள் வைக்கிறார். போன வாரம் இலந்தைக் கொட்டையாம். வருஷத்தின் முதல் பாடத்துக்கு உன்னைப் போல அவர் தன் கையை வைப்பதில்லை. துண்டை விரித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொள்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

நேற்று செவந்தி என்னிடம் வந்தாள். அன்றைக்கு அவள் அங்கே இல்லை. நான் சொன்னதை யாரும் அவளிடம் திருப்பிச் சொன்னதாகவும் தெரியவில்லை. “தாத்தா, நீங்க கண்டுபுடிங்க. வழவழப்பும் இல்ல, சொரசொரப்பும் இல்ல, புடிச்சா உடாது. என்னது?” என்றாள்.

எனக்கு விடை தெரியும். சொல்லவில்லை. கையை உள்ளே விட்டவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது நீ போட்ட சட்டம்.

நான் இருக்கிறவரை அந்தப் பள்ளிக்கூடம் மூடாது. துண்டு கிழிந்தால் அதே சிவப்புக் கரையில் வேறு துண்டு வரும். எனக்கும் காலம் முடிந்து அங்கே வரும்போது, துண்டில்லாமலே கையை நீட்டுகிறேன். அப்போது நீயே பிடித்துப் பார்த்து, அன்றைக்குப் பூவாயி வாயால் சொன்ன பெயரைச் சொல்.

பேரம் மாறாத உன் அண்ணன்,
கருப்பண்ணன்