மலைராணி வேடம்

என் அருமை வாலு,

வீட்டில் நாம் மூவரும் சேர்ந்து வாசித்து நடித்துப் பார்த்த நம் நாவல் படமாகிறதாம். அதற்கு யார் யார் நடிக்கலாம் என்று ரசிகர் குழுவில் நீ போட்டிருப்பதைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நமக்குத் தெரிஞ்ச மூஞ்சிக்குத்தான் வேஷம், சினிமாக்காரங்களுக்குக் கிடையாது" என்பதுதானே நம் மூவரின் சட்டம்? இத்தனை வருஷமாக நம் பல் டாக்டர்தானே ராட்சசன்? அவர் "வாயைத் திற" என்றாலே தெரு அதிருமே! அவரைத் தூக்கிவிட்டு ஷாம்பு விளம்பரத்தில் முடியைக் கோதுகிறவனைப் போட்டிருக்கிறாய்.

அதுகூடப் போகட்டும்.

மலைராணிக்கு மட்டும் நீ யாரையும் போடவில்லை. உடனே "அக்கா மறந்துட்டாங்க" என்று ஆளாளுக்கு ஒரு நடிகையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இவர்களை யார் கேட்டது? போர்வையைத் தோளில் போட்டு, கரண்டியை வாளாக நீட்டி, "என் மலையில கால் வச்சது யாரு?" என்று அதட்டிய உன் அம்மாவை இவர்கள் பார்த்தார்களா? கடைசி வாரம், ஊசியோடு வந்த நர்ஸிடமும் அதையேதான் கேட்டாள்.

நீ அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டாம். நானே குழுவில் சேர்ந்து எழுதிவிட்டேன்: "அந்த வேஷத்துக்கு எப்பவோ ஆள் போட்டாச்சு."

இன்னும் கோபம் தணியாத,
அப்பா