பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு

அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறன்று கேரட்டையும் உருளைக்கிழங்கையும் மிளகு தூவி ஓவனில் வறுத்தேன். வாசனை பரவியதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார்.

"வந்துட்டியாப்பா? இத்தனை நாளா எங்க போன?"

என்னை, எனக்கு முன் இந்த வீட்டில் இருந்த எலக்ட்ரீசியன் என்று நினைத்துவிட்டார். அவரும் ஞாயிறுதோறும் இப்படி வறுத்து இவருக்குக் கொடுப்பாராம். அந்த எலக்ட்ரீசியன் வேலையிடத்தில் இறந்துபோனார். அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள். கவலைப்படாதே, ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன்.

"நான் வேற ஆளுங்க" என்று சொல்லாமல் ஒரு தட்டு கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "இப்பவாவது உப்ப சரியா போட்டியே" என்றார். அன்றிலிருந்து இறந்தவர் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்; நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

பதில் போடும்போது உறைமேல் என் பெயரைப் பெரிதாக எழுதம்மா. வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகன்