துண்டு மறைத்த ஸ்டிக்கர்

குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது,

மார்ச் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. பூட்டிய கதவுக்கு வெளியே நான் ஒருவன், உள்ளே சாவி, போன், மூக்குக்கண்ணாடி என்று மூன்று. இப்போது நலமாக, கதவுக்கு உள்ளேதான் இருக்கிறேன். நீ நலம் என்பது அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. அம்மாவும் நலமாம், மிக்சி மட்டும் மறுபடி புகைகிறதாம், நான் வரும்வரை யாரும் அதைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இதையெல்லாம் மெயிலில் எழுதாமல் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுவேன்.

நீ கேட்டது பாதிக் கதை. குப்பையைக் கீழே போட லுங்கியும் பனியனுமாக வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். நம் வீட்டுக் கதவு நாம் பூட்டினால்தான் பூட்டும். மெஷின் வேலைக்காக வந்து இந்தக் குளிர் ஊரில் நான் தங்கியிருக்கும் அறைக் கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்கிற ஜாதி, வெளிப்பக்கம் திருகினாலும் திரும்பாத ஒரு குமிழ்தான் இருக்கிறது. இதைச் சொல்லவே உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, சாவிப் படம் போட்டு, சிவப்பில் அம்புக்குறி போட்டு. வந்த அன்றே அதற்கு மேலே ஒரு கொக்கியை ஒட்டி ஈரத் துண்டைத் தொங்கவிட்டு அதை மறைத்தவன் நான். பாட்டில் நிரப்பும் மெஷினை ஊர் ஊராகப் போய் ஓட்டிக் கொடுத்து, ஸ்டிக்கரைப் படிங்கய்யா, அப்புறம் மூடியைத் தொடுங்க என்று ஆபரேட்டர்களிடம் கத்துகிறவனும் நான்தான். உன்னைவிட இருபது வயதுதான் மூத்தவன், புத்தியில் அதுவும் இல்லை.

சாதாரண மனிதனாக இருந்தால் எதிர்வீட்டைத் தட்டியிருப்பான். நான் படித்தவன் இல்லையா, குப்பைப் பையிலிருந்த பால் டப்பாவின் அட்டையைக் கிழித்து, கதவிடுக்கில் விட்டுப் பூட்டின் நாக்கைத் தள்ளப் பார்த்தேன். அட்டை உள்ளேயே முறிந்து சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் நாயோடு வெளியே வந்தார். கதவைக் குடைந்துகொண்டு லுங்கியில் நிற்கிறவனைப் பார்த்து நாயே பின்வாங்கியது. சைகை காட்டினேன். நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போலீஸ்தான் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒரு கம்பளிக் கோட்டையும் போனையும் நீட்டினார்.

போன் கையில் வந்த பிறகுதான் அடுத்த லட்சணம் தெரிந்தது. எனக்கு ஒருவர் நம்பரும் தெரியாது. ஆபீஸ் நம்பர் தெரியாது, உன் அம்மா நம்பரில் கடைசி நாலு எண் தெரியாது, இதை அவளிடம் சொல்லாதே. உன் நம்பரை மட்டும் விரல் தானாக அழுத்தியது. நீ காலேஜ் சேர்ந்ததிலிருந்து மாதாமாதம் ரீசார்ஜ் செய்த பழக்கம்.

நீ பதறவில்லை. முதல்ல அந்தக் கோட்டைப் போடுங்கப்பா, கதவைத் தொடாம அப்படியே நில்லுங்க என்றாய். மீட்டிங்கிலிருந்து எழுந்து போய், எனக்கு அறை பதிவு செய்தபோது உனக்கு வந்த மெயிலில் காவலாளி நம்பரைத் தேடிப் பிடித்து ஆளை அனுப்பினாய். அவர் சாவி போட்டும் கதவு திறக்கவில்லை, என் அட்டையைக் குறட்டால் பிடுங்கவே அரைமணி நேரம் ஆனது. இது உனக்குத் தெரியாது. மெஷினின் சோதனை ஓட்டத்துக்குப் பிந்திப் போய், காரணம் கேட்டவர்களிடம் லாக் பிராப்ளம் என்று கௌரவமாகச் சொன்னதும் தெரியாது.

இனி விஷயம். உன் ஆபீஸ் உன்னை இரண்டு வருஷம் வெளிநாட்டுக்குப் போகச் சொல்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வருகிறவள் தனியாக அங்கே போய் என்ன கிழிப்பாய் என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அன்றைக்கு நான் அந்த அம்மாளின் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றபோதும் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் அங்கேயே ஒத்துக்கொண்டிருப்பேன். போய் வா. அங்கே எது நடந்தாலும் முதலில் எதிர்வீட்டைத் தட்டு, அட்டை கிழிப்பதெல்லாம் அப்புறம்.

நான் செய்யப்போவது:

1. கோட்டைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுப்பது.
2. துண்டை வேறு எங்காவது போடுவது.
3. உன் அம்மா நம்பரை மனப்பாடம் செய்வது.
4. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் நீ போகிறாய் என்று சொல்லி, விழுகிற திட்டை நானே வாங்கிக்கொள்வது.
5. அங்கே நீ வாங்கப்போகும் புது நம்பரையும் விரலுக்குப் பழக்குவது.

போகிற இடமெல்லாம் நல்லபடியாக இரு, சாவி கையில் இருக்கட்டும். லுங்கி விஷயம் உன் சித்தப்பா காதுக்குப் போகக் கூடாது.

உன் அப்பா